வால்ட்டர் பெர்ன்ஸ்டைனின் தொடக்கக்காலத் திரைப்பெயர்கள் – ஒரு சான்றாய்வு

நூலொன்றனை ஆராயப் புகுவார் முதற்கண் அறிய விழைவது அதனை ஆக்கியோன் பெயரேயாம். சிறப்புப்பாயிரத்துக்கு உரியனவாக எட்டுப் பொருள்களை வகுத்த நன்னூலார், அவற்றுள் ஆக்கியோன் பெயரையே முதலில் நிறுத்தினார். பாயிரம் ஒரு பெயரைக் கூறுமாயின் அதனை ஏற்றலும், கூறாவிடின் உரைகாரர் கூற்று, நூலின் அகச்சான்று, பிற நூல்களிற் காணும் குறிப்பு ஆகியவற்றைத் துணைக்கொண்டு தேடலும் நம் ஆராய்ச்சியாளர் பன்னெடுநாளாக மேற்கொண்டுவரும் நெறியாகும்.

திரைப்படத்துக்கும் தொலைக்காட்சி நாடகத்துக்கும் பாயிரத்தை ஒத்ததொரு பகுதி உண்டு. தொடக்கத்திலோ இறுதியிலோ எழுதியவர், இயக்கியவர், நடித்தவர் முதலியோர் பெயர்களை முறையாக நிறுத்திக் காட்டுவது அது. இக்கட்டுரையில் அதனைப் ‘பெயர்நிரல்’ என்று வழங்குவோம். எழுத்தாளர் ஒருவர் முதன்முதல் எப்படத்துக்கு எழுதினார், எத்தொடரில் அவர் பங்கு யாது என்னும் வினாக்கள் எழும்போது, பெயர்நிரலைக் கண்டு விடை கூறிவிடலாம் என்றே பலரும் எண்ணுவர். பெரும்பான்மை இடங்களில் அவ்வாறு கூறுதல் தவறுமன்று. ஆயினும், பெயர்நிரலே பொய்யுரைத்த காலம் ஒன்று உண்டு. அக்காலத்தே வாழ்ந்த எழுத்தாளரின் வரலாற்றைப் பெயர்நிரலைக் கொண்டே எழுதுவோமாயின், அவருக்கு முன்னர் இழைக்கப்பட்ட தீங்கினை யாமும் ஒருமுறை இழைத்தவர் ஆவோம்.

அமெரிக்கத் தொலைக்காட்சி எழுத்தாளரும் திரைக்கதை ஆசிரியருமான வால்ட்டர் பெர்ன்ஸ்டைன் (1919–2021) என்பாரின் தொடக்கக்கால எழுத்துகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இத்தகைய இடத்துச் சான்றுகளை ஆராயவேண்டிய முறையினை இங்கே காண்போம். திரையிற் காணும் பெயர், எழுதுவதற்கு உரியவர் என அன்று ஒப்புக்கொள்ளப்பட்டவர் யார் என்பதற்குச் சான்று. எழுதியவர் யார் என்பதற்கு அது தானே முடிந்த சான்று ஆகாது. இதுவே யாம் நிறுவக் கருதும் பொருளாம்.

1. ஐயமற்ற தொடக்கம்

பெர்ன்ஸ்டைன் 1919 ஆகஸ்டு 20ஆம் நாள் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியிற் பிறந்தார். டார்ட்மவுத் கல்லூரியிற் பயின்றார். இரண்டாம் உலகப் போரின்போது படையிற் சேர்ந்து, படைவீரர்க்கென நடத்தப்பெற்ற ‘யாங்க்’ என்னும் வார இதழின் செய்தியாளராகப் பணிபுரிந்தார். யூகோஸ்லாவியாவின் மலைப்பகுதிக்குட் சென்று டிட்டோவை 1944இல் நேரிற் கண்டு எழுதியமை அவருக்குப் புகழ் தந்தது. போர்க்காலத்தில் அவர் எழுதிய கட்டுரைகள் 1945இல் நூலாக வெளிவந்தன. ‘தி நியூயார்க்கர்’ இதழிலும் அவர் எழுதிவந்தார்.

1947இல் அவர் ஹாலிவுட்டுக்குச் சென்றார். கொலம்பியா நிறுவனத்தில் ராபர்ட் ராஸன் என்பாரிடம் பத்து வாரத்துக்கு ஒப்பந்தம் பெற்றுப் பணிபுரிந்தார். அதன்பின் ஹெரால்ட் ஹெக்ட் என்னும் படமுதலாளியிடம் சேர்ந்தார். அப்பணியின் பயனாக 1948இல் வெளிவந்த ‘கிஸ் த பிளட் ஆஃப் மை ஹேண்ட்ஸ்’ என்னும் படத்தில் அவர் பெயர் முதன்முதலாகத் திரையில் இடம்பெற்றது. ஜெரால்ட் பட்லர் எழுதிய புதினத்தைத் தழுவியது அப்படம்; நார்மன் ஃபாஸ்டர் இயக்கியது; பர்ட் லங்காஸ்டர் நடித்தது.

இவ்விடத்திலேயே ஆராய்ச்சியாளர் ஒன்றனைக் கவனித்தல் வேண்டும். அப்படத்தின் பெயர்நிரல் எழுத்துப்பணியை மூன்றாகப் பகுத்துக் காட்டுகின்றது. திரைக்கதை லியனார்டோ பெர்க்கோவிச்சி என்பாருக்கும், கூடுதல் உரையாடல் ஹியூ கிரே என்பாருக்கும் உரியனவாகக் கூறப்பட்டன. பென் மேடோவும் வால்ட்டர் பெர்ன்ஸ்டைனும் புதினத்தைத் தழுவி அமைத்தவர்களாகக் கூறப்பட்டனர். ஆகவே, ‘1948இல் வந்த அப்படத்தின் திரைக்கதையை எழுதியவர் பெர்ன்ஸ்டைன்’ என எழுதுவது பிழை. ‘புதினத்தைத் தழுவி அமைத்த இருவருள் ஒருவர்’ என்று எழுதுவதே பொருந்தும். மூல நூல் செய்தானையும் அதற்கு உரை வகுத்தானையும் ஒருவராக்கி உரைப்பது எத்துணைப் பிழையோ அத்துணைப் பிழை முன்னையது.

இத்தொடக்கத்தில் ஐயம் சிறிதும் இல்லை. திரையிற் பெயர் உண்டு. அப்பெயரை மறைக்கவோ திரிக்கவோ எவருக்கும் அன்று காரணம் இல்லை. எழுத்தாளரும் பின்னாளில் அதனையே தம் முதற் படமாகக் கொண்டார். பின்வரும் காலத்து நிலை இதற்கு நேர்மாறானது.

2. பெயர் மறைந்த காலம்

பெர்ன்ஸ்டைன் நியூயார்க்குக்கு மீண்டபோது, தொலைக்காட்சி அந்நாட்டிற் புதிதாக வளர்ந்துவந்தது. நாடகங்கள் பெரும்பாலும் நிலையத்தில் நடிக்கப்படும்போதே ஒளிபரப்பப்பட்டன. வாரந்தோறும் புதுப்புது நாடகங்கள் வேண்டப்பட்டமையின் எழுத்தாளர்க்கு வேலை மிகுதியாக இருந்தது. சி.பி.எஸ். நிறுவனம் நடத்திய ‘டேஞ்சர்’ என்னும் நாடகத் தொடர் அவற்றுள் ஒன்று. அது 1950 முதல் 1955 வரை நடைபெற்றது.

இந்நிலையில் நாட்டின் அரசியல் காற்று மாறிற்று. அமெரிக்கப் பேராளர் அவையின் விசாரணைக் குழு ஒன்று, திரைத்துறையிற் பொதுவுடைமைக் கட்சியினர் உளரா என 1947இல் விசாரணை நடத்தியது. விடை கூற மறுத்த பதின்மர் சிறைக்கு அனுப்பப்பட்டனர். அவ்வாண்டு நவம்பரில் கூடிய படமுதலாளிகள் அத்தகையோர்க்கு வேலை தருவதில்லை என அறிவித்தனர். 1950 ஜூனில் ‘ரெட் சேனல்ஸ்’ என்னும் சிறு நூல் வெளிவந்தது. வானொலி, தொலைக்காட்சித் துறைகளைச் சேர்ந்த 151 பேரின் பெயர்களும், அவர்கள் கலந்துகொண்ட கூட்டங்களும் கையொப்பமிட்ட விண்ணப்பங்களும் அதில் அச்சிடப்பட்டிருந்தன. அந்நூலை வெளியிட்டது அரசன்று. முன்னாட் புலனாய்வு அலுவலர் சிலர் தொடங்கிய தனியார் அமைப்பே. எந்த நீதிமன்றமும் அப்பெயர்களை ஆராயவில்லை. ஆயினும், விளம்பரம் தரும் வணிகர்க்கு அஞ்சிய ஒளிபரப்பு நிறுவனங்கள் அதனைச் சட்ட நூல்போலக் கொண்டு ஒழுகின.

அப்பெயர்களுள் வால்ட்டர் பெர்ன்ஸ்டைனின் பெயரும் ஒன்று. போருக்குப்பின் தாம் பொதுவுடைமைக் கட்சியில் உறுப்பினராய் இருந்ததை அவர் தம் நினைவுநூலில் மறைக்கவில்லை. இங்கே நமக்கு வேண்டுவது அவர்தம் கொள்கை பற்றிய தீர்ப்பன்று. அதன் விளைவாகச் சான்றுகளுக்கு நேர்ந்த நிலையேயாம். 1950க்குப்பின் எட்டு ஆண்டுக்குமேல் எந்தப் பெயர்நிரலிலும் அவர் பெயர் தோன்ற இயலவில்லை. 1959இல் சிட்னி லுமெட் இயக்கிய ‘தட் கைண்ட் ஆஃப் வுமன்’ படத்தின் திரைக்கதை ஆசிரியராகத்தான் அவர் மீண்டும் வெளிப்பட்டார்.

திரைப்பெயரை மட்டும் நோக்குவார்க்கு, 1948இல் ஒரு படத்திற் பங்குகொண்டு, சிறிது காலம் தொலைக்காட்சிக்கு எழுதி, பின்னர் நெடுங்காலம் வாளாவிருந்து, 1959இல் திடீரெனத் தேர்ந்த திரைக்கதை ஆசிரியராக வெளிப்பட்டவர் போலவே அவர் காணப்படுவர். உண்மையில் அவ்விடைக்காலமே அவர் தொலைக்காட்சிக்கு மிகுதியாக எழுதிய காலம்.

3. பினாமி எழுத்து

நம் நாட்டில் நிலமும் வீடும் ஒருவர் பெயரில் இருக்க, அவற்றை உண்மையில் ஆள்பவர் மற்றொருவராக இருத்தலுண்டு. அதனைப் பினாமி என்று வழங்குகின்றோம். கறுப்புப் பட்டியலுக்கு உட்பட்ட எழுத்தாளர் கைக்கொண்டதும் அம்முறையே. நாடகத்தை ஒருவர் எழுதுவார். அதனைத் தம்முடையதாகக் கூறி நிறுவனத்திடம் அளிப்பவர் வேறொருவர். புனைபெயர் மட்டும் போதாதாயிற்று. எழுத்தாளரை நேரிற் காணவேண்டும், திருத்தங்களைப் பற்றிப் பேசவேண்டும் என நிறுவனத்தார் விரும்புவர். ஆதலின் உயிருள்ள ஓர் ஆள் வேண்டியதாயிற்று. ஊதியமும் அவ்வாளின் பெயராலேயே வரும். அவர் அதனைப் பெற்று உரியவரிடம் சேர்ப்பிப்பார்.

‘டேஞ்சர்’ தொடரின் தயாரிப்பாளராகிய சார்லஸ் ரஸ்ஸல் இவ்வேற்பாட்டை அறிந்தே துணைநின்றார். பெர்ன்ஸ்டைனோடு ஆபிரகாம் பொலான்ஸ்கி, அர்னால்ட் மனாஃப் என்னும் இருவரும் சேர்ந்தனர். பொலான்ஸ்கி, 1947இல் வெளிவந்த ‘பாடி அண்ட் சோல்’ படத்தின் திரைக்கதையை எழுதி, 1948இல் ‘ஃபோர்ஸ் ஆஃப் ஈவில்’ படத்தை இயக்கிப் பெயர்பெற்றவர். 1951இல் விசாரணைக் குழுவின்முன் பெயர்களைக் கூற மறுத்தமையால் வேலையிழந்தவர். மூவரும் தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். ஒருவருக்குப் பினாமி கிடையாதபோது மற்றவர் தம் வாய்ப்பினைப் பகிர்ந்துகொள்வர். கிடைத்த வேலையைத் தேவையறிந்து பங்கிடுவர்.

1953 பிப்ரவரி 1ஆம் நாள் சி.பி.எஸ். நிறுவனம் ‘யூ ஆர் தேர்’ என்னும் தொடரைத் தொலைக்காட்சியில் தொடங்கியது. ‘நீங்கள் அங்கே இருக்கின்றீர்கள்’ என்பது அப்பெயரின் பொருள். பழங்கால நிகழ்ச்சியொன்று நடக்கும் இடத்துக்கு இக்காலச் செய்தியாளர் சென்று அங்குள்ளோரை வினவி அறிவிப்பதாக அதனை அமைத்தனர். வால்ட்டர் கிராங்கைட் அதன் அறிவிப்பாளர், லுமெட் இயக்குநர், ரஸ்ஸல் தயாரிப்பாளர். சாக்ரட்டீசின் இறப்பு, ஜோன் ஆஃப் ஆர்க் எரியூட்டப்பட்டது, கலிலியோவின் விசாரணை, சேலம் நகரில் சூனியக்காரியர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டோரின் வழக்கு ஆகியன அதில் நாடகமாயின. தொடரின் தொடக்க ஆண்டுகளில் அதன் எழுத்துப்பணியின் பெரும்பகுதியை ஆற்றியோர் பெர்ன்ஸ்டைன், பொலான்ஸ்கி, மனாஃப் என்னும் மூவருமே. திரையிலோ அம்மூவரின் பெயரும் இல்லை.

4. சான்றுகளை நிறுத்துப் பார்த்தல்

இம்மூவருள் பெர்ன்ஸ்டைன் எழுதியவை எவை என்று துணிவதற்கு நமக்கு உள்ள சான்றுகளை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதலாவது, ஒளிபரப்பின் பதிவு. ஒளிநாடாவிற் பதியும் கருவி 1956இல்தான் வழக்குக்கு வந்தது. அதற்கு முன்னர், ஒளிபரப்பினைத் திரைக்கு எதிரே படக்கருவி வைத்துப் படச்சுருளிற் பதிந்தனர். அவ்வாறு பதிந்தவற்றுட் பல அழிந்தன. எஞ்சியவற்றிற் காணும் பெயர், மேலே கூறியவாறு, பினாமியின் பெயராக இருத்தல் கூடும்.

இரண்டாவது, அக்காலச் செய்தித்தாள்களின் நிகழ்ச்சிக் குறிப்புகள். அச்சில் இருத்தலானும், அன்றே எழுதப்பட்டமையானும் இவற்றை உயர்ந்த சான்றாகக் கொள்வர். நாளையும் தொடரையும் நடிகரையும் அறிதற்கு இவை உற்ற துணை என்பதில் ஐயமில்லை. ஆயின், எழுத்தாளர் பெயரைச் செய்தித்தாள் எங்கிருந்து பெற்றது? நிறுவனத்தின் அறிவிப்பிலிருந்தே பெற்றது. நிறுவனம் கூறிய பெயரையே அது மீண்டும் கூறுகின்றது.

மூன்றாவது, உரிமைப் பதிவும் நிறுவனத்தின் கணக்கும். இவை சட்டமும் பணமும் பற்றியன ஆகலின் பொய்யாகா என எண்ணத் தோன்றும். இங்கோ அவ்வெண்ணமும் பயன்படாது. ஒப்பந்தம் பினாமியின் பெயரில். ஊதியமும் பினாமியின் பெயரில். அலுவல் தாள்கள் பொய்ப்பெயரை உறுதிசெய்யுமாறு அமைந்தமையே அவ்வேற்பாட்டின் வெற்றி.

ஆக, திரை, செய்தித்தாள், உரிமைப் பதிவு, கணக்கு என்னும் நான்கும் ஒரே பெயரைக் கூறினும் அவை நான்கு சான்றுகள் ஆகா. ஒரே சான்றின் நான்கு படிகளே ஆகும். ஏட்டுச்சுவடி ஆராய்ச்சியிற் பயின்றார்க்கு இது புதிதன்று. ஒரே ஏட்டினைப் பார்த்துப் பத்துப் பேர் படியெடுத்தால், பத்து ஏடுகளும் ஒரே பாடத்தைக் காட்டும். அப்பாடத்துக்குப் பத்துச் சான்றுகள் உள எனப் பதிப்பாசிரியர் கொள்ளார். மூல ஏட்டின் தகுதியையே ஆராய்வர். திரைப்பெயர் ஆராய்ச்சியிலும் சான்றுகளை எண்ணுதல் போதாது. ஒவ்வொரு சான்றும் தான் கூறும் செய்தியை எவ்வழியாக அறிந்தது என வினாவுதல் வேண்டும்.

நான்காவது, எழுத்தாளரின் சொந்தக் கூற்று. பெர்ன்ஸ்டைன் 1996இல் ‘இன்ஸைட் அவுட்’ என்னும் நினைவுநூலை வெளியிட்டார். கறுப்புப் பட்டியற் காலத்து வாழ்வே அதன் பொருள். பினாமிகளைத் தேடியதும், மூவரும் வேலையைப் பகிர்ந்ததும் அதில் விரிவாகக் கூறப்பட்டுள்ளன. இது நிறுவனத்தின் தாள்களினின்று பிறவாத தனிச்சான்று. ஆயினும் இதற்கும் இருவகைக் குறைகள் உண்டு. நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே நாற்பது ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு என்பது ஒன்று. கூறுவார் தமக்குரிய உரிமையைத் தாமே நாட்டுகின்றார் என்பது மற்றொன்று. எனவே, ‘பினாமி வழியாக அவர் எழுதினார்’ என்னும் பொதுச்செய்திக்கு நினைவுநூல் வலிய சான்றாகும். ‘இன்ன நாளில் ஒளிபரப்பான இன்ன நாடகம் அவருடையது’ என்னும் தனிச்செய்திக்கு அஃதொன்றே போதாது.

ஐந்தாவது, உடனிருந்தார் கூற்று. பொலான்ஸ்கியும் இதே வரலாற்றைத் தம் பங்குக்கு வெளிப்படையாகக் கூறியுள்ளார். மூவரும் பங்கிட்டு எழுதினர் என ஒருவர் கூறும்போது, எல்லாவற்றையும் தாமே எழுதியதாக உரிமை கொண்டாடும் வாய்ப்பை அவர் கைவிடுகின்றார். தம் பெருமையைக் குறைத்துக்கொள்ளும் கூற்று, அதனைக் கூட்டிக்கொள்ளும் கூற்றினும் நம்பத்தக்கது.

ஆறாவது, எழுத்துப்படிகள். எழுதியவரிடம் தங்கிய வரைவுகளும், கையால் எழுதிய திருத்தங்களும், அக்காலத்து மடல்களும் சான்றுகளுள் தலையாயவை. பொலான்ஸ்கியைப் பொறுத்தவரை இப்பணி நன்கு நடந்துள்ளது. ‘யூ ஆர் தேர்’ தொடருக்கு அவர் எழுதியவற்றை ஜான் ஷுல்தைஸ் என்பார் திறனாய்வுப் பதிப்பாக 1997இல் வெளியிட்டார். மூவருள் ஒருவரது பங்கு இவ்வாறு எல்லை வரையறுக்கப்படின், ஏனை இருவரது பங்கினைத் தேடும் பணியும் எளிதாகும். விஸ்கான்சின் மாநிலத்தில் 1960இல் நிறுவப்பெற்ற திரைப்பட, நாடக ஆராய்ச்சி நடுவம் அக்காலத்து எழுத்தாளர் பலர்தம் தாள்களைத் தொகுத்துக் காத்துவருவது இத்துறை ஆராய்ச்சிக்குப் பெருந்துணை.

அகச்சான்று பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். கருத்துரிமைக்காக ஒறுக்கப்பட்டோரைப் பற்றிய நாடகங்கள் ‘யூ ஆர் தேர்’ தொடரில் மிகுந்திருத்தலைக் கண்டு, பொருளைக்கொண்டே எழுதியவரை உணரலாம் என்பாரும் உளர். அது முழுதும் பொருந்தாது. அத்தொடர் தொலைக்காட்சிக்கு வருமுன் 1947 முதல் வானொலியில் நடைபெற்றது. சாக்ரட்டீசின் இறப்பும் ஜோனின் முடிவும் 1948இல் வானொலியிலேயே இடம்பெற்றுவிட்டன. ஆகவே பொருளின் தேர்வு அம்மூவர்க்கே உரியதெனத் துணிதற்கில்லை. மேலும், மூவரும் ஒத்த கருத்தினர் ஆகலின், மூவருள் ஒருவர் எழுதினார் என ஊகிக்கப் பொருள் இடந்தரினும், அவருள் இவர் எனப் பிரித்துக் காட்ட அஃது உதவாது.

5. மிகைபடக் கூறலும் குற்றமே

பெயர் பறிக்கப்பட்டவர்க்குப் பெயரை மீட்டுத் தருதல் அறம். அவ்வறத்தின் ஆர்வத்தால் ஆராய்ச்சி மறுபக்கம் சாய்தலும் கூடும். திரையிற் பெயரில்லாத இடமெல்லாம் கறுப்புப் பட்டியலின் விளைவு எனக் கொள்ளுதல் பிழை. பெர்ன்ஸ்டைனின் வாழ்விலேயே இதற்குச் சான்று உண்டு. 1960இல் வெளிவந்த ‘தி மக்னிஃபிசன்ட் செவன்’ படத்துக்கு அவர் எழுத்துப்பணி செய்தார். பெயர்நிரலில் அவர் இல்லை. ஆயின், அதற்கு முந்திய ஆண்டிலேயே வேறு படத்தில் அவர் பெயர் வெளிவந்துவிட்டது. அப்படத்துக்கு எழுதிய வால்ட்டர் நியூமனின் பெயரும் திரையில் இல்லை; வில்லியம் ராபர்ட்ஸ் ஒருவரே ஆசிரியராகக் காட்டப்பட்டார். ஒரு படத்துக்குப் பலர் வரைவெழுதுதலும், அவருட் சிலர் பெயர் விடுபடுதலும் திரைத்துறையில் இயல்பு. அதே படத்தின் பெயர்நிரலில் இசையமைத்தவராக எல்மர் பெர்ன்ஸ்டைன் காணப்படுகின்றார். குடிப்பெயரை மட்டும் நோக்கி இருவரையும் மயங்குதல் கூடாது. ஔவையார் என்னும் ஒரு பெயராற் பல காலத்துப் புலவர் பாடிய பாடல்களைப் பிரித்தறிய முயன்ற நமக்கு இம்மயக்கம் புதிதன்று.

பினாமியாக நின்றவரை வெறும் நிழலெனத் தள்ளுதலும் பிழையாகலாம். 1953இல் வெளிவந்த ‘ரோமன் ஹாலிடே’ படத்தின் வரலாறு இதனைத் தெளிவுறுத்தும். அதன் கதையை எழுதியவர் டால்டன் டிரம்போ. சிறை சென்ற பதின்மருள் ஒருவர். திரையிலோ கதைக்கு உரியவராக இயன் மெக்லெல்லன் ஹன்டரின் பெயர் வந்தது. சிறந்த கதைக்கான ஆஸ்கர் பரிசும் 1954இல் ஹன்டர்க்கே அளிக்கப்பட்டது. டிரம்போ 1976இல் மறைந்தார். 1993இல் அப்பரிசு அவர் பெயரால் அவர் மனைவியாரிடம் வழங்கப்பெற்றது. 2011இல் எழுத்தாளர் சங்கத்தின் மேற்குப் பிரிவு, டிரம்போ, ஹன்டர் இருவர்தம் புதல்வர் முயற்சியால், பெயர்நிரலை மீண்டும் ஆராய்ந்தது. கதை டிரம்போவுடையது, திரைக்கதை டிரம்போ, ஹன்டர், ஜான் டைட்டன் மூவருடையது என்பதே அதன் முடிபு. ஹன்டரும் எழுதியவரே; கதை அவருடையதன்று என்பதே செய்தி. உரியதை உரியவர்க்குத் தந்து, மற்றவர்க்கு உரியதைப் பறியாது விட்டமையே அம்முடிபின் சிறப்பு.

இதனினும் நுண்ணியது ‘ஆட்ஸ் அகெய்ன்ஸ்ட் டுமாரோ’ படத்தின் வழக்கு. 1959இல் அது வெளிவந்தபோது நெல்சன் கிட்டிங்கோடு ஜான் கில்லன்ஸ் என்னும் கறுப்பினப் புதின ஆசிரியரின் பெயர் காட்டப்பட்டது. எழுதியவர் பொலான்ஸ்கி. 1996இல் எழுத்தாளர் சங்கம் அவர் பெயரை மீட்டுத் தந்தது. கில்லன்ஸ் தம் சொந்த நூல்களாற் புகழ்பெற்றவர். பிறர் எழுத்தைத் தமதெனக் கொள்ளவேண்டிய நிலையினர் அல்லர். துன்புற்ற ஒருவர்க்குத் தம் பெயரை ஈந்தவராகவே அவரை வரலாறு நினைதல் தகும்.

மீட்டுத் தந்தபின் எழும் இடர் ஒன்றும் உண்டு. ‘ரோமன் ஹாலிடே’ படத்தைப் பின்னாளிற் புதுக்கி வெளியிட்டபோது டிரம்போவின் பெயரைச் சேர்த்தனர். அப்புதுப்படியைக் காணும் மாணவர், 1953இலேயே அப்பெயர் திரையில் இருந்ததெனக் கருதிவிடுதல் கூடும். அவ்வாறாயின் அவர்க்கு நேர்ந்த தீங்கே மறைந்துபோம். ஆதலின், படத்தையும் தொடரையும் சான்றாகக் காட்டுவோர் எவ்வாண்டுப் படியைக் கண்டனர் என்பதனைக் கூறுதல் இன்றியமையாதது. பதிப்பாண்டு கூறாது மேற்கோள் காட்டுதல் அச்சு நூலிற் குற்றமாயின் திரையிலும் குற்றமே.

6. கொள்ளத்தக்க முறை

மேற்கூறியவற்றால், திரை எழுத்தாளர் ஒருவரின் தொடக்கக்கால எழுத்துகளைத் தொகுப்பார் பின்வருமாறு செய்தல் நன்று என்பது யாம் கண்ட முடிபாகும்.

ஒவ்வொரு படத்துக்கும் நாடகத்துக்கும் இரு பெயர்களைத் தனித்தனியே குறித்தல் வேண்டும். முதல் வெளியீட்டில் திரையிற் காட்டப்பட்ட பெயர் ஒன்று. சான்றுகளால் துணியப்பட்ட எழுத்தாளர் பெயர் மற்றொன்று. இரண்டும் ஒன்றாயினும் இருமுறை எழுதுக. வேறாயின் வேறுபாட்டின் காரணத்தை எழுதுக. பின்னதனை வைத்து முன்னதனை அழித்தலும், முன்னதனை வைத்து பின்னதனை மறுத்தலும் ஆகா. எழுதிய பணி கதையோ, தழுவலோ, திரைக்கதையோ, உரையாடலோ என வகுத்துக் கூறுக. சான்று ஒவ்வொன்றும் பிறிதொன்றினின்று பிறந்ததா, தனித்து நிற்பதா என ஆராய்ந்து, தனித்து நிற்கும் சான்றுகளையே எண்ணுக. பொதுச்செய்தியை நிறுவும் சான்றினைத் தனிச்செய்திக்கு நீட்டாதொழிக. மூவர் பங்கிட்டு எழுதிய நாடகத்தை ஒருவர்க்கு உரித்தாக்கச் சான்று இல்லையாயின், ‘மூவருள் ஒருவர்’ என்றெழுதி அமைக. அறியப்படாத புலவரைப் பாடலில் வந்த அரிய தொடரால் ‘செம்புலப்பெயனீரார்’ எனக் குறித்துப் போந்த நம் தொகை நூலாரின் அடக்கம் இங்கே நினைக்கத்தக்கது. பெயர் தெரியாத இடத்துப் பொய்ப்பெயர் சூட்டாமல், தெரிந்த அளவே அவர்கள் கூறினார்கள்.

இம்முறையால் பெர்ன்ஸ்டைனின் தொடக்கக்காலத்தை வகுத்தால் மூன்று பகுதிகள் தெளிவாகும். 1948இல் திரைப்பெயரும் உண்மையும் ஒன்றாயின. 1950 முதல் 1958 வரை திரைப்பெயர் ஒன்று, எழுதியவர் ஒருவர். அப்பகுதியில் ‘டேஞ்சர்’, ‘யூ ஆர் தேர்’ என்னும் இரு தொடர்களில் அவர் பங்கு உறுதி; எந்நாடகம் அவருடையது என்பதனை எழுத்துப்படி கொண்டு ஒவ்வொன்றாகத் துணிதல் வேண்டும். 1959 முதல் அவர் பெயர் மீண்டும் திரையிலேறியது. 1964இல் லுமெட் இயக்கிய ‘ஃபெயில் சேஃப்’, 1997இல் தொலைக்காட்சிக்கு எழுதிய ‘மிஸ் எவர்ஸ் பாய்ஸ்’ முதலியனவாக அவர் எழுத்து தொடர்ந்தது.

1976இல் வெளிவந்த ‘தி ஃபிரன்ட்’ என்னும் படத்தோடு இவ்வாராய்ச்சியை முடித்தல் பொருந்தும். பினாமி ஒருவனின் கதையே அப்படம். எழுதியவர் பெர்ன்ஸ்டைன், இயக்கியவர் மார்ட்டின் ரிட், நடித்தவருள் ஒருவர் ஸீரோ மாஸ்டல். மூவரும் கறுப்புப் பட்டியலால் வேலையிழந்தவர்கள். அத்திரைக்கதை ஆஸ்கர் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. படத்தின் இறுதிப் பெயர்நிரலில், அவ்வாறு வேலையிழந்தோர் ஒவ்வொருவர் பெயரோடும் அவர் கறுப்புப் பட்டியலுக்கு உட்பட்ட ஆண்டும் சேர்த்துக் காட்டப்பட்டுள்ளது. பெர்ன்ஸ்டைனின் பெயரோடு நிற்கும் ஆண்டு 1950. ரிட்டின் பெயரோடு நிற்பது 1951.

கால் நூற்றாண்டுக்கு முன்னர் எந்த இடத்தில் அவர் பெயர் மறைக்கப்பட்டதோ, அதே இடத்தில் அம்மறைப்பு நிகழ்ந்த ஆண்டினை அவரே பதிந்துவைத்தார். பெயர்நிரலைச் சான்றாக ஆள்வோர் அவ்வாண்டினையும் சேர்த்தே படித்தல் கடன்.